பந்துக்கு அடியில் இருப்பது

சாமராஜநகரில் குடியிருக்கும் ஒருவருக்குக் கோல்ஃப் ஆட்டத்தில் அபிமானம் பிறந்துவிட்டால், அவர் சுமார் 60 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, மைசூரில் சாமுண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஜெயசாமராஜ உடையார் கோல்ஃப் கிளப்புக்குப் போகவேண்டும். இல்லையென்றால் குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் வழியாகக் காட்டைக் கடந்து உதகமண்டலத்துக்கு ஏறவேண்டும். அந்தக் காட்டுச் சாலையோ இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். கோல்ஃப் கர்நாடகத்துக்குப் புதிதல்ல. பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876இலேயே தோன்றிவிட்டது. அதே ஊர்ப் பெண் அதிதி அசோக், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்தை மயிரிழையில் தவறவிட்டு நான்காவதாக வந்தபோது, ஆட்டத்தின் விதிகூட அறியாதவர்கள் விடியற்காலையில் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் மைதானம் தூரத்தில் இருக்கிறது. ஆகவே, வீட்டில் ஓர் அறையை ஒழித்து, எதிரே திரை கட்டி, பந்து புறப்படும் வேகத்தையும் கோணத்தையும் சுழற்சியையும் அளந்து, அது எங்கே போய் விழுந்திருக்கும் என்று காட்டுகிற சிமுலேட்டரை அமைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணம், வசதியுள்ளவருக்கு எழுவது சகஜம்.

இந்த ஏற்பாட்டில் பணமும் யோசனையும் பெரும்பாலும் அளக்கும் கருவிக்கும் ப்ரொஜெக்டருக்கும் போய்விட, பந்தை வைத்து அடிக்கிற விரிப்பை மட்டும் மிச்சமிருக்கும் காசுக்கு வாங்குவது வழக்கமாக இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் இது தலைகீழான கிரமம். கருவி சொல்லும் கணக்கு மெய்யா பொய்யா என்பதையும், ஆட்டக்காரரின் முழங்கை சில வருஷங்களுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பதையும் நிர்ணயிப்பது அந்த விரிப்புதான்.

மைதானத்தில் நடப்பதைப் பார்ப்போம். தரையில் கிடக்கும் பந்தை அயர்ன் மட்டையால் அடிக்கும் தேர்ந்த ஆட்டக்காரரின் மட்டை, மேலிருந்து சற்றே சரிந்து இறங்கி, முதலில் பந்தைத் தொட்டு, பிறகுதான் மண்ணைத் தொட்டு, பந்து இருந்த இடத்துக்கு அப்பால் ஒரு புற்பத்தையைச் சீவிக்கொண்டு போகிறது. 46 கிராம்கூட இல்லாத அந்தப் பந்தோடு மட்டை உறவாடுவது ஒரு விநாடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். மட்டை பந்துக்கு இரண்டு அங்குலம் முன்னதாகவே தரையில் இறங்கிவிட்டால், மண் அதைப் பிடித்துக்கொள்ளும். பந்து பாதி தூரத்தில் சோர்ந்து விழும். தப்புக்குத் தண்டனை அங்கேயே கிடைத்துவிடுகிறது.

அதே தப்பை, சிமெண்டுத் தரைமேல் போட்ட கெட்டியான விரிப்பில் செய்தால் கதை வேறு. மட்டை உள்ளே இறங்க இடமில்லாமல் சறுக்கி, துள்ளி, பந்தை ஓரளவு நன்றாகவே அடித்துவிடுகிறது. கருவி பார்ப்பது பெரும்பாலும் பந்தைத்தான். மட்டை எங்கே இடித்தது என்பது அதற்குத் தெரியாது. ஆகவே திரையில் அழகான எண்கள் தோன்றுகின்றன. தரை வாங்கிக்கொள்ள மறுத்த அதிர்ச்சியோ மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு ஏறுகிறது. எல்லாக் குழிகளையும் 72 அடிகளில் முடிக்கவேண்டிய மைதானத்தில், ஒவ்வொரு குழியருகிலும் மெல்லத் தட்டும் இரண்டு அடிகளைக் கழித்தால் மிஞ்சுவது 36தான்; அவற்றுக்கு நடுவே நடையும் ஓய்வும் உண்டு. வீட்டிலோ நடை கிடையாது. பந்தை எடுத்து வைக்க வேண்டியது, அடிக்க வேண்டியது. முழங்கையின் உட்புறத்தில் வரும் ஒரு வலிக்கு இந்த ஆட்டத்தின் பெயரையே வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

தென்னை நார் மேட்டிங்கில் லீக் கிரிக்கெட் ஆடியவர்களுக்கு இன்னொரு விஷயமும் உடனே விளங்கும்: மேட்டிங் பாதி, அதன் கீழே இருக்கும் தரை பாதி. ஆகவே எவ்வளவு உயர்ந்த விரிப்பானாலும், டைல்ஸ் பதித்த தரைமேல் நேரே போடாமல், அடியில் ஃபோம் அல்லது ரப்பர் பலகை கொடுத்தாக வேண்டும்.

செயற்கைப் புல்லின் சரித்திரம் சுவையானது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்துக் கூரை போட்ட அரங்கத்தில், கண் கூசுகிறதென்று கூரைக் கண்ணாடிகளுக்கு வர்ணம் பூச, வெயில் இல்லாமல் புல் செத்துப்போனது. அதற்கு மாற்றாக 1966இல் விரித்த நைலான் புல்தான் இன்றைய விரிப்புகளுக்கெல்லாம் மூதாதை. ஆனால் பால்கனிக்கு அழகாக விற்கும் புல் விரிப்பு வேறு ஜாதி. அதன் இழைகள் சாய்ந்து கிடக்கும், சீக்கிரம் பிய்ந்துபோகும். மட்டையின் அடியில் பச்சைக் கோடு படிந்தால், உராய்வுச் சூட்டில் இழை உருகுகிறது என்று அர்த்தம்.

அடிக்கும் இடத்தில் நைலான் இழைகள் நெருக்கமாக, செங்குத்தாக நிற்கவேண்டும். பந்தைத் தாங்கும் மர டீயைக் குத்தினால் அது நிற்கவேண்டும். அடியில் ஜெல் வைத்து, அடி விழும்போது புல் கொஞ்சம் முன்னே நகரும்படி செய்த வகைகளும், பிரஷ் போல நீண்ட இழை கொண்டவையும் இருக்கின்றன. ஓர் அடி அகலமும் நாலடி நீளமும் கொண்ட தனித் துண்டாக, தேய்ந்தபின் மாற்றக்கூடியதாக அதை வாங்கி, நிற்கும் பகுதிக்குச் சாதாரண விரிப்பைப் போட்டுக்கொள்வதையே நான் விரும்புவேன். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் வலக்கைக்காரரின் பந்து இடப்பக்கம் ஒதுங்கும். பந்தின் பக்கத்தில் வைக்கும் காமிராக் கருவியையும் அதே உயரத்துக்குத் தூக்கவேண்டும்.

வாங்குமுன் செய்யவேண்டிய பரீட்சை எளிது. பந்து இருக்குமிடத்தில் கோலப்பொடியால் ஒரு கோடு இழுத்து, பந்தில்லாமல் மட்டையை வீசினால், பொடி கலைந்த இடம் மட்டை எங்கே இறங்கியது என்று காட்டிவிடும். பிறகு வேண்டுமென்றே இரண்டு அங்குலம் முன்னதாக இறக்கிப் பந்தை அடித்துப் பாருங்கள். பந்து முன்போலவே பறந்தால் அந்த விரிப்பு வேண்டாம்.

இன்னொன்று, விரிப்பும் அடிப்பலகையும் சேர்ந்து இரண்டு மூன்று அங்குலம் உயரத்தைத் தின்றுவிடும். நம் வீடுகளின் பத்தடிக் கூரைக்குக் கீழே அது அற்பமான விஷயமல்ல. ஆகவே அதன்மேல் நின்று, நெடிய டிரைவர் மட்டையை மெதுவாகச் சுழற்றிப் பார்த்து, மின்விசிறியைக் கழற்றவேண்டுமா என்பதை வீட்டிலுள்ளவர்களோடு பேசி முடித்த பிறகே திரைக்கு ஆணி அடிக்கலாம்.