விதை காத்தல்

விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையையும் திருச்சுழியையும் சூழ்ந்துள்ள நிலம் வானம் பார்த்த பூமியாகும். குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதியும் மணலே காணப்படும். வடகிழக்குப் பருவமழையே கண்மாய்களை நிரப்புவது; கரிசலை நனைப்பதும் அதுவே. மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிட்டு, உழவர் வானத்தை நோக்கியிருப்பர். மழை பொய்த்தால் இட்ட விதை வீணாகும். மீண்டும் விதைக்க நேரும். ஆதலின், இப்பகுதி உழவர்க்கு வீட்டிலுள்ள விதையே பெருஞ்செல்வம். பசி வந்துற்றபோதும் விதைத் தானியத்தில் கை வைக்க அவர் மனம் ஒப்பார்.

விதை உயிருள்ள பொருள். ஈரமும் வெப்பமும் மிகுந்தால் அதன் முளைக்கும் ஆற்றல் விரைந்து குன்றும். அவை குறைந்தால் அது நெடுங்காலம் நிலைக்கும். நம் முன்னோர் இதனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். முற்றிய கதிர்களைத் தேர்ந்தெடுத்து, வெயிலில் நன்கு உலர்த்தி, சாம்பலோ வேப்பிலையோ கலந்து, மட்கலத்தில் இட்டு வாயை மூடி வைத்தனர். சோளமும் கம்பும் குதிரைவாலியும் இவ்வாறே தலைமுறை தலைமுறையாக நம்மிடம் வந்தன. எனினும், ஒருவகை விதையை எல்லாரும் விதையாது விட்டுவிட்டால், சில ஆண்டுகளில் அவ்வகையே மறைந்துபோகும். மறைந்ததை மீண்டும் பெறுதல் இயலாது.

ஈரத்தை வெயிலால் நீக்கலாம். வெப்பத்தை நீக்குவது எங்ஙனம்? அதற்கு ஏற்ற இடத்தை அறிஞர் வடதுருவத்தின் அருகே கண்டனர். நார்வே நாட்டைச் சேர்ந்த சுவால்பார்டு தீவுக்கூட்டத்தில், உறைந்த மலையைக் குடைந்து அமைத்த உலக விதைப் பெட்டகம் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அது துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. உறைநிலைக்குக் கீழே 18 பாகைக் குளிரில், 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட விதை மாதிரிகள் அங்கே காக்கப்படுகின்றன. ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் உள்ள பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையமும் சோளம், கம்பு முதலியவற்றின் விதைகளை அங்கு அனுப்பியுள்ளது.

இதன் பயன் விரைவிலேயே விளங்கிற்று. சிரியா நாட்டில் அலெப்போ நகருக்கு அருகே வறள்நிலப் பயிர்களுக்குரிய விதை நிலையம் ஒன்று இருந்தது. போர் மூண்டதால் அங்குப் பணி செய்ய இயலாதாயிற்று. அந்நிலையத்தார் தாம் முன்பு அனுப்பிய விதைகளை 2015ஆம் ஆண்டில் பெட்டகத்திலிருந்து திரும்பப் பெற்றனர். லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினர். 2017இல் ஒரு பகுதியை மீண்டும் பெட்டகத்திற்கே அனுப்பினர்.

ஆயினும், துருவக் குளிரும் என்றும் மாறாததன்று. 2016ஆம் ஆண்டில் அங்கே வழக்கத்திற்கு மாறான வெம்மையும் மழையும் நேர்ந்தன. பெட்டகத்தின் நுழைவுச் சுரங்கத்தில் நீர் புகுந்தது. விதைகளுக்குத் தீங்கு நேரவில்லை. நார்வே அரசினர் சுரங்கத்தை நீர் புகாவண்ணம் செப்பனிட்டனர். உலகம் வெப்பமடைந்து வருவதால், துருவப் பனியும் காவலை வேண்டும் நிலை வந்துவிட்டது.

பெட்டகத்து விதை உறங்குகின்றது. வயலில் ஆண்டுதோறும் விதைத்துத் தேர்ந்தெடுக்கும் விதையோ, மாறிவரும் மழைக்கும் வெயிலுக்கும் மெல்ல மெல்லத் தன்னைப் பழக்கிக்கொள்கின்றது. ஆதலின் இருவகைக் காவலும் நமக்கு வேண்டும். துருவத்தில் பெட்டகம் காப்பவர் சிலரே. திருச்சுழி வட்டத்துச் சிற்றூரில் ஒரு கலயம் குதிரைவாலி விதையை அடுத்த ஆண்டுக்கென எடுத்துவைக்கும் மூதாட்டியும் அவர்களோடு ஒப்ப மதிக்கத்தக்கவரே ஆவார்.