பூஜ்யத்தைக் கடக்கும் மைக்ரோ விநாடி

741 என்ற பழைய ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும்) சில்லோடு எட்டு ஓம் ஸ்பீக்கர் ஒன்றை நேரடியாக இணைத்தால் முணுமுணுப்புதான் கேட்கும். அதன் மின்னழுத்தத்தில் குறையில்லை: ±15 வோல்ட்டில் இயங்கும் சில்லு ±13 வோல்ட் வரை ஏறி இறங்கும், எட்டு ஓமில் அது 10 வாட்டுக்குப் போதும். ஆனால் 10 வாட்டுக்கு உச்சத்தில் 1.6 ஆம்பியர் வேண்டும். சில்லு தருவதோ 25 மில்லிஆம்பியர்.

ஆகவே பாரத்தைத் தூக்க இரண்டு பவர் டிரான்சிஸ்டர்களைச் சேர்க்கிறோம். அலையின் மேல்பாதியை ஒன்று தள்ளும், கீழ்ப்பாதியை மற்றது இழுக்கும். சிக்கல் நடுவில்தான். எந்த சிலிக்கான் டிரான்சிஸ்டரும் சுமார் 0.6 வோல்ட் கிடைக்காமல் விழிக்காது. மேலே 0.6, கீழே 0.6, இடையில் 1.2 வோல்ட் அகலத்துக்கு இருவரும் உறக்கம். இசை அலை பூஜ்யத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பள்ளத்தில் விழும். கரகரப்பு மெல்லிய ஸ்வரங்களில்தான் அதிகம் உறுத்தும்.

இதற்கு மருந்து எதிர்ப் பின்னூட்டம். பெல் ஆய்வகப் பொறியாளர் ஹரால்ட் பிளாக், 1927 ஆகஸ்ட் 2 காலை, ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குப் போகும் வழியில், கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே இதை வரைந்தார். காப்புரிமை கைக்கு வர 1937 ஆகிவிட்டது. வெளியே போவதில் ஒரு பங்கை உள்ளே கொண்டுவந்து, உள்ளீட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் திருத்துவதே யோசனை. அந்தப் பங்கைச் சில்லின் முனையிலிருந்து எடுக்காமல் டிரான்சிஸ்டர்களுக்கு அப்பால், ஸ்பீக்கர் முனையிலிருந்து எடுக்க வேண்டும். அப்போது டிரான்சிஸ்டர்களின் தவறும் சில்லின் கண்ணில் படும். வடம் பிடிப்பவர்களின் பலத்தில் தேர் ஓடினாலும், அது எங்கே திரும்ப வேண்டும் என்பது முட்டுக்கட்டை போடுபவர் கையில் இருப்பதைப் போல.

ஆனால் முட்டுக்கட்டை நேரத்துக்கு விழ வேண்டுமே! பள்ளம் வந்ததும் சில்லு 1.2 வோல்ட் தாவ வேண்டும். 741-இன் வேகம் மைக்ரோ விநாடிக்கு அரை வோல்ட். தாவி முடிக்க 2.4 மைக்ரோ விநாடி ஆகும். 1,000 ஹெர்ட்ஸ் ஒலியில் இது பொருட்டே இல்லை. 20,000 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கே 50 மைக்ரோ விநாடிதான். அதற்குள் இரண்டு தாவல், பத்தில் ஒரு பங்கு நேரம் பறிபோகிறது. போதாக்குறைக்கு, நேர் மின்னோட்டத்தில் 2 லட்சம் மடங்கு பெருக்கும் சில்லு, 20,000 ஹெர்ட்ஸில் வெறும் 50 மடங்காகச் சுருங்கிவிடும். தானாக அலறாமலிருக்க உள்ளேயே ஒரு குட்டிக் கெப்பாசிட்டரை வைத்து வேண்டுமென்றே மந்தப்படுத்தியிருக்கிறார்கள். திருத்தும் சக்தி, மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் இல்லை.

டிஎல்071 போன்ற வேகமான சில்லைப் போடலாம். மைக்ரோ விநாடிக்குச் சுமார் 13 வோல்ட். டயோடுகள் வைத்து டிரான்சிஸ்டர்களை அரைத்தூக்கத்திலேயே வைத்திருப்பது (பயஸ்) பொதுவான வழி. ஆனால் சூடேற ஏற அந்த 0.6 வோல்ட், டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். டயோடை ஹீட் சிங்கோடு ஒட்டி வைக்காவிட்டால் மின்னோட்டம் பெருகி, சூடு கூடி, மின்னோட்டம் இன்னும் பெருகி, டிரான்சிஸ்டர் கருகும்.

1975-இல் இங்கிலாந்தின் குவாட் நிறுவனத்தில் பீட்டர் வாக்கரும் மைக்கேல் ஆல்பின்சனும் இந்த வம்பே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். என் கணக்கில் இத்துறையின் மிக அழகான தந்திரம் அவர்களுடையதுதான். 100 வாட் தந்த குவாட் 405-இன் முகப்பில் எல்எம்301ஏ என்ற சாதாரண ஆப்-ஆம்ப். பெரிய டிரான்சிஸ்டர்களை முழுத் தூக்கத்திலேயே விட்டுவிட்டார்கள். அவை உறங்கும் நேரத்தில், 47 ஓம் மின்தடை வழியாக ஒரு சிறிய, துல்லியமான பெருக்கி ஸ்பீக்கரைத் தனியே ஓட்டும். இரண்டு மின்தடை, ஒரு கெப்பாசிட்டர், ஒரு காயில் ஆகியவை தராசுபோல் சமன்பட்டு நிற்பதால், பெரியவை விழித்தாலும் உறங்கினாலும் அவற்றின் பிழை ஸ்பீக்கரில் ரத்தாகிவிடும். இது எப்படி வேலை செய்கிறது என்பதில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் கடித வாதம் நீண்டது. 405-ஐத் திறந்து பார்த்தால், மற்ற ஆம்ப்ளிஃபயர்களில் பயஸைத் திருகிச் சரிசெய்ய வைத்திருக்கும் பிரீசெட் அதில் இருக்காது.