காகிதக் கடல் – 11: முத்துப் பாரின் கணக்கு எந்த ஊரில்?

முத்துக்குளி நாட்களில் பிற்பகல் ஆனதும் தூத்துக்குடிக் கரையில் நிற்க நேரமில்லாமல் அலைந்தவர் கணக்கர். இரவில் கரைக்காற்றைப் பிடித்துப் போன தோணிகள் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்றில் திரும்பிவரும். வேலி அடைத்த கொட்டுக்குள் சிப்பிகளைத் தட்டி, குளியாட்களே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு சர்க்காருக்கு, ஒன்று அவர்களுக்கு. எந்த இரண்டு என்று சொல்வது சர்க்கார் ஆள். ஆகவே ஒரு குவியலை மட்டும் கொஞ்சம் கொழுக்க வைக்கலாம் என்ற ஆசைக்கு இடமில்லை. மாலையில் ஏலம். ஆயிரம் சிப்பி என்ன விலை என்று கூவுவார்கள். உள்ளே முத்து இருப்பதும் இல்லாததும் எடுத்தவர் பாடு. தோணி எத்தனை, சிப்பி எத்தனை, போன விலை என்ன என்று அன்றன்றைக்கு எல்லாம் பேரேட்டில் ஏறிவிடும்.

1889-ல் நடந்த குளிப்பைப் பார்க்க எழும்பூரிலிருந்து வந்தவர் எட்கர் தர்ஸ்டன், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அடுத்த ஆண்டே மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பு பற்றிய அவருடைய குறிப்புகள் அச்சில் வந்தன. தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி அவர் பின்னாளில் எழுதிய ஏழு தொகுதிகள் தெரிந்த அளவுக்கு இந்தச் சிறு நூல் தெரிவதில்லை. அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தவை சிப்பியும் சங்கும். கொட்டில் எழுதிய கணக்கு வேறு வழியில் போனது.

குளிப்புக்கு முன்னால் நடந்த எழுத்து வேலை அதைவிடப் பெரிது. தூத்துக்குடிக்கு எதிரே கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்கள். தொளாயிரம் பார், குடமுத்துப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாரில் ஒட்டிய சிப்பிக் குஞ்சு முத்தெடுக்கும் பக்குவத்துக்கு வர நான்கு ஆண்டுபோல் ஆகும். அதற்குள் மணல் மூடலாம், மீன் தின்று தீர்க்கலாம், நீரோட்டம் அடித்துக்கொண்டு போகலாம். அதனால் அதிகாரிகள் பருவந்தோறும் பார்களைச் சோதித்தார்கள். எந்தப் பாரில் சிப்பி, என்ன வயது, நெருக்கமா கலப்பா என்று எழுதிவைத்தார்கள். மாதிரிக்குக் கொஞ்சம் எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை வியாபாரிகளிடம் மதிப்புப் போட்டார்கள். போன ஆண்டுப் பக்கம் கையில் இல்லாவிட்டால் இந்த ஆண்டுப் பக்கத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இடைவெளியைப் பாருங்கள். 1830-ல் ஒரு குளிப்பு. அதன்பிறகு ஏறத்தாழ 30 ஆண்டுகள் பார்கள் வெறுமையாகக் கிடந்தன. 1926 முதல் 1928 வரை சில பருவங்கள் குளிப்பு நடந்தது. அப்புறம் 1955-ல்தான் தொடங்கி, 1961-ல் நின்றது. அதற்குப் பிறகு குளிப்பே இல்லை. ஒரு குளிப்பைப் பார்த்த அதிகாரி அடுத்ததற்குள் ஓய்வு பெற்றுவிடுவார், அல்லது காலமாகிவிடுவார். பாரில் என்ன நடந்தது என்பதை நினைவில் வைத்திருந்தது காகிதம் ஒன்றே. கடல் ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் 1905-ல் சென்னை அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் கடலாய்வு எவ்வளவோ அவ்வளவு பழைய ஏட்டு ஆய்வும் இருப்பது இதனால்தான்.

சரி, அந்தக் காகிதம் இன்று எங்கே?

கடல் வழியாக ஆள வந்தவர்கள் போகும்போது காகிதத்தையும் கடல் வழியாகவே கொண்டுபோனார்கள். 1530-களில், போர்ச்சுகீசியர் காலத்தில், இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர் கிறிஸ்தவத்துக்கு மாறினர். 1542-ல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். அந்தக் காலத்துக் கடிதங்களுக்கு ரோமில் உள்ள சேசு சபை ஆவணக்காப்பகத்துக்கும், அரசு ஆவணங்களுக்கு லிஸ்பனுக்கும் கோவாவுக்கும் போக வேண்டும். 1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் நிர்வாகத்தில் இந்தக் கரை கொழும்பின் கீழ் இருந்தது. குளிப்பில் மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல் என்று குளிகல்லை வைத்துப் பங்கு போட்ட தகராறுகள் எல்லாம் டச்சு மொழியில் எழுதப்பட்டு, ஒரு படி கொழும்பில் தங்கும், ஒரு படி ஹாலந்துக்குப் போகும். 1825-ல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் திருநெல்வேலிக் கலெக்டர் கச்சேரி, எழும்பூர், லண்டன். தூத்துக்குடி தனி மாவட்டமானதே 1986 அக்டோபர் 20-ல்தான். அதற்கு முந்தைய வருவாய்த் தாள் வேண்டுமானால் திருநெல்வேலிப் பெயரில்தான் தேட வேண்டும்.

தேடுபவருக்கு ஒரு வேடிக்கையும் காத்திருக்கிறது. டச்சுக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. சுதேசிக் கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துதான். துறைமுகத்துக்கும் இன்று அந்தப் பெயர். பட்டியலில் அந்த மூன்று எழுத்தைத் தட்டினால், தூத்துக்குடியை ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆண்ட கம்பெனியும், 1906-ல் இன்னொரு கம்பெனியை எதிர்த்து நின்றவரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

தங்கள் காகிதம் இப்படிப் பல ஊர்களில் கிடப்பதைக் கேட்டால் ஊர்க்காரருக்குக் கோபம் வரும். எங்கள் ஊர்க் கணக்கை எங்களிடம் கொடு என்று கேட்கத் தோன்றும். ஆவணக் காப்பாளர்கள் இதில் இளகமாட்டார்கள். ஒரு தாள் எந்த அலுவலகத்தில் பிறந்ததோ அந்த அலுவலகத்துக் கட்டோடுதான் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் அவர்கள் தொழிலின் முதல் விதி. கொழும்புக் கட்டிலிருந்து தூத்துக்குடித் தாளை மட்டும் உருவினால் இரண்டு கட்டும் ஊமையாகிவிடும். அரசுகள் கைமாறும்போது ஆவணங்கள் யாருக்கு என்று தீர்க்க 1983-ல் வியன்னாவில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். போதுமான நாடுகள் சேராததால் அது நடைமுறைக்கே வரவில்லை. ஆக, திரும்பக் கேட்பது நடக்கிற காரியமில்லை. நடக்கக்கூடியது ஒன்றுண்டு: எங்கே என்ன இருக்கிறது என்ற ஒரு பட்டியல். அதை ஓர் அலுவலகம் தனியாகச் செய்ய முடியாது. பல அலுவலகத்தார் ஒரே மேசையைச் சுற்றி உட்கார வேண்டும்.

அந்த மேசை இந்தியாவில் இருக்கிறது. நூறு வயதும் தாண்டிவிட்டது. 1919-ல் சிம்லாவில் முதல் கூட்டம் கூட்டிய இந்திய வரலாற்று ஆவணங்கள் ஆணையம் அது. ஜதுநாத் சர்க்கார் போன்ற வரலாற்றாசிரியர்களும் ஆவண அலுவலர்களும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆண்டுக்கு ஓர் ஊர் என்று சுற்றினார்கள். 1924 ஜனவரியில் ஆறாவது கூட்டம் சென்னையில் நடந்தது. சென்னையை அவர்கள் தேர்ந்ததில் வியப்பில்லை. 1909-ல் எழும்பூரில் செங்கல் சிவப்பில் எழுந்த ஆவணக் களரி அன்றைக்கே முறையாக நடந்துவந்தது. அதன் காப்பாளராக இருந்த ஹென்றி டாட்வெல் காலத்திலும் அதற்குச் சற்று முன்பும் டச்சு ஆவணங்களில் தேர்ந்தவற்றைச் சென்னை அரசு வரிசையாக அச்சிட்டது. பெரும்பகுதி கொச்சி, மலபார் பக்கத்துச் சமாசாரம். தூத்துக்குடிக்காரர் ஆவலோடு புரட்டினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆணையத்தில் வரலாற்றாசிரியர்கள் பேச்சுத்தான் ஓங்கி ஒலிக்கும். காப்பாளர்களுக்கு வேறு கவலைகள்: பூச்சி, ஈரம், இடம், ஆள் பற்றாக்குறை. அதைப் பேச 1950-களின் தொடக்கத்தில் ஆவணக் காப்பாளர்களின் தேசியக் குழு பிறந்தது. தேசிய ஆவணக்காப்பகத்தின் தலைமை இயக்குநர் தலைவர். மாநில ஆவணக்காப்பகங்களின் தலைவர்கள் உறுப்பினர்கள். பயிற்சி, பாதுகாப்பு முறை, ஆவணச் சட்டம், இப்போது மின்னுருவாக்கம் என்று அவர்கள் நிகழ்ச்சி நிரல் போகும். பட்டாசு வெடிக்கிற பொருள் எதுவும் இருக்காது. ஆனால் எந்தக் கட்டை முதலில் காப்பாற்றுவது என்பது இப்படிப்பட்ட அறைகளில்தான் தீர்மானமாகிறது.

ஒரு குறை மட்டும் முதல் நாளிலிருந்தே தொடர்கிறது. இந்த மேசையில் நாற்காலிகள் மாநிலக் கணக்கில் போடப்பட்டிருக்கின்றன. முத்துக்கடல் மாநில எல்லைக்குள் அடங்குவதில்லை. எதிர்க்கரை இலங்கை. இரண்டு பக்கத்துப் பார்களையும் ஒரே கம்பெனி ஆண்டிருக்கிறது. ஹார்னெலே முதலில் இலங்கைப் பார்களில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர்தான். கொழும்பில் உள்ள டச்சு ஆவணங்களுக்கு ஜூரியான்ஸ் அம்மையார் தயாரித்த பட்டியல் 1943-லேயே அச்சாகிவிட்டது. சென்னையின் டச்சு ஆவணங்களுக்கும் பழைய அச்சுப் பட்டியல் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தூத்துக்குடி வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு சிறு வெளியீடு போட்டால் பெரிய செலவு ஆகாது. தெற்கு, மேற்கு ஆசிய ஆவணக்காப்பகங்களுக்கு 1976 முதல் ஸ்வார்பிகா என்ற கூட்டமைப்பு உண்டு. இந்தியாவும் இலங்கையும் அதில் இருக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ டச்சுக் கம்பெனியின் ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன், ஹேக் என்ற ஐந்து ஊர்களையும் ஒரே மூச்சில் சொன்னது. எல்லாம் சேர்ந்து சுமார் 2.5 கோடிப் பக்கங்கள். அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒன்றுகூட முடிந்தவர்களுக்கு ஒரு கரையின் பட்டியல் பெரிய பாரம் ஆகாது.

சட்டத்தின் கதை இன்னும் சிக்கல். பொது ஆவணங்கள் சட்டம் 1993-ல் வந்தது. 1892-க்கு முன் உண்டான எந்த ஆவணத்தையும் அழிக்கக் கூடாது. மிகவும் சிதைந்துபோனால்தான் விலக்கு. விதியை மீறி அழித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தர்ஸ்டன் பார்த்த 1889-ம் ஆண்டுக் குளிப்பு மூன்றே ஆண்டில் அந்தக் கோட்டுக்கு உள்ளே விழுகிறது. மகிழ்வதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்தச் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேசங்கள், மத்திய அரசின் பொதுத்துறை, சட்டமுறை அமைப்புகள் ஆகியவற்றுக்கு மட்டும். முத்தும் சங்கும் மாநில அரசின் மீன்வளத் துறை பார்த்த வேலை. 1955-61 குளிப்பையும் அந்தத் துறைதான் நடத்தியது.

அதே ஊரில், அதே கடலைப் பார்த்து நிற்கும் துறைமுகம் சட்டத்துக்கு உட்பட்டது. 1974 ஜூலை 11-ல் அது பெருந்துறைமுகமானது. 1979 ஏப்ரல் 1-ல் பழைய சிறுதுறைமுகமும் புதிய பெருந்துறைமுகமும் இணைந்து துறைமுகப் பொறுப்புக்கழகம் உருவானது. மாநில நிர்வாகத்தில் இருந்த பழைய துறைமுகத்தின் பேரேடுகள், தோணி வந்துபோன பதிவுகள், கடிதக் கட்டுகள் அன்றைக்கு எந்த அலமாரிக்கு மாறின, எவை ‘தேவையில்லை’ என்ற குறிப்போடு வெளியேறின என்று கேட்டு எழுதவேண்டியது காப்பாளர்களின் குழுதான். சட்டப்படி இப்படிப்பட்ட ஒவ்வோர் அமைப்பிலும் ஆவண அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். கேள்வியை யாருக்கு அனுப்புவது என்ற குழப்பம் இல்லை.

விஞ்ஞானிகள் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டார்கள். 1973-ல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பில் வெற்றி கண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் பழைய வெளியீடுகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறது. 1961-க்குப் பிறகு பார்களில் மூழ்கிப் பார்த்த ஆய்வுகளை வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டும் பழைய சர்க்கார் கோப்பு வேண்டுமென்றால் எழும்பூருக்கு ரயிலேற வேண்டும்.

தனி ஒருவர் பிடிவாதம் என்ன செய்யும் என்பதற்கும் இந்தக் கரையிலேயே சான்று உண்டு. சேசு சபைத் துறவி அன்றீக் அடிகளார் இந்தக் கரையின் மக்களுக்காகச் செய்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் அச்சானது. மாவட்டம் பிறந்த தேதியும் அதுவே என்பது தற்செயல். ஆனால் நினைவில் நிற்க உதவும். அவருடைய ‘அடியார் வரலாறு’ 1586-ல் புன்னைக்காயலில் அச்சேறியது. முதல் நூலின் பிரதி அமெரிக்காவின் ஹார்வர்டில், இரண்டாவதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில். சேசு சபையைச் சேர்ந்த ச.இராசமாணிக்கம் இரண்டையும் தேடிப் பதிப்பித்தார். 1960-களில் அவை தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வெளியீடாக வந்தன. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. படிப்பதற்கு ஊருக்கு ஒரு படி கிடைத்துவிட்டது.

தனியார் கையில் உள்ளவற்றுக்கும் திட்டம் இல்லாமல் இல்லை. 1940-களில் ஆணையம் வட்டாரந்தோறும் ஆய்வுக் குழுக்கள் அமைத்து, வீடுகளிலும் மடங்களிலும் கிடக்கும் தாள்களைக் கணக்கெடுக்கச் சொன்னது. பின்னால் அது தனியார் ஆவணங்களின் தேசியப் பதிவேடாக வளர்ந்தது. ஜமீன்களும் சமஸ்தானங்களும் அதில் எளிதாக இடம் பிடிக்கும். தோணிக்காரர் வீட்டுப் பேரேட்டை யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஆகவே தூத்துக்குடி, காயல்பட்டினம், புன்னைக்காயல், மணப்பாடு வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பரணில் தோணிக் கணக்கு, தண்டல் கைப்பட எழுதிய பயணக் குறிப்பு, சங்குக் குத்தகைச் சீட்டு, கொழும்புக் கடைக் கடிதம் எதுவாக இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துவையுங்கள். யார் எழுதியது, எந்த ஆண்டு, யாரிடம் இருந்தது என்ற மூன்று வரியை முதல் பக்கத்தோடு சேருங்கள். பிறகு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக்காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.

(தொடரும்)