பார்ப்பவரும் நடிக்கும் நாடகம்

ஓடும் இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது என்று தொழிற்சாலைச் சுவரில் எழுதியிருக்கிறது. ஆனால், "உற்பத்தி நிற்கக் கூடாது, அப்படியே துடை" என்று மேஸ்திரி சொன்னால் மறுக்க வாய் எழுவதில்லை. விரல் போகிறது.

இதற்கு நாடகமும் ஒரு வழி. பிரேசில் நாட்டு அகஸ்டோ போவால் (1931–2009) வகுத்த 'மன்ற அரங்கு' முறையில், இத்தகைய காட்சியை இருமுறை நடிப்பர். இரண்டாம் முறை, பார்வையாளர் எவரும் "நிறுத்து!" என்று கூறி, தொழிலாளியின் இடத்தில் நின்று மாற்று வழியை நடித்துக் காட்டலாம். மேஸ்திரியாக நடிப்பவரோ எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

மேற்கு வங்கத்தில் 1985-ல் தோன்றிய 'ஜன சம்ஸ்கிருதி' குழு இம்முறையைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது.

சக தொழிலாளர் முன் மறுத்துப் பழகியவருக்கு, மறுநாள் இயந்திரத்தின் முன்னும் வாய் எழும். நமது தொழிற்சங்கங்களும் நிர்வாகங்களும் முயன்று பார்க்கலாமே!