முதியோர் இல்லத்தில் நினைவுச் சோதனை

குரும்பகரத்து வயல்களில் நாற்று நட்டே வாழ்ந்த, பள்ளி செல்லாத மூதாட்டி ஒருவர் காரைக்கால் பகுதி முதியோர் இல்லம் ஒன்றில் சேர்கிறார் எனக் கொள்வோம். 'இன்று என்ன தேதி? நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். ஒரு தொடர் எழுதுங்கள்' என்கிறார் செவிலியர். அவரால் இயலவில்லை. இது மறதிநோயா, எழுத்தறிவின்மையா?

1975இல் ஃபோல்ஸ்டீன் குழுவினர் வகுத்த, 30 மதிப்பெண் கொண்ட சோதனையின் வினாக்கள் இவை. படித்தவரை எண்ணி அமைந்த அதனை, அரியானாவின் பல்லப்கர் பகுதியில் ஆய்வு செய்தோர் எழுத்தறியா முதியோர்க்கு ஏற்ப மாற்றி, 1995இல் வெளியிட்டனர். இப்போது காலையா, மாலையா என்பது அதில் ஒரு வினா. 'கண்களை மூடுக' என்னும் அட்டையைப் படிக்கச் சொல்லாமல், சோதிப்பவர் தம் கண்களை மூடிக்காட்டி அவ்வாறே செய்யச் சொல்வார். எளிய மாற்றந்தான், ஆயினும் கல்லாமையை நோயெனக் கணிக்கும் பிழை அதனால் குறைகிறது.

வீட்டைப் பிரிந்த துயரில் உண்ணாது, பேசாது ஒடுங்கியிருப்பவரையும் 'வயதாகிவிட்டது, மறதி' என்று விட்டுவிடுகிறோம். இது முன்னதினும் கொடிது. மறதிநோயில் பெரும்பாலானவற்றைக் குணப்படுத்த இயலாது. மனச்சோர்வோ சிகிச்சையால் நீங்கக்கூடியது. மனச்சோர்வுற்றவர் எதற்கும் 'தெரியாது' என்றே கூற முற்படுவார். மறதிநோயர் பலர் ஏதேனும் ஒரு விடை சொல்லி ஈடுகட்டுவர். ஆம், இல்லை என விடை தரும் 15 வினாக்கள் கொண்ட முதியோர் மனச்சோர்வு அளவுகோலும் உண்டு. உறக்கக்குறைவும் உடல்வலியும் முதுமையில் மிகுதியாதலின், அவை பற்றிய வினா அதில் இல்லை.

இச்சோதனைகள் ஐயத்தை எழுப்புவனவே. நோயை உறுதிசெய்ய மருத்துவர் தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடுகளையும் ஆராய்வார். அம்மூதாட்டியை மீண்டும் வினவுமுன், அவருக்குக் காது கேட்கிறதா, மூக்குக்கண்ணாடி வீட்டிலேயே தங்கிவிட்டதா என்பதையும் பார்க்க வேண்டும்.