குளுவாங்கில் பறக்கவிட்ட வண்டு: வெளிநாட்டு ஆய்வு உள்நாட்டு விளைச்சலான கதை

குளுவாங், ஜொகூர் - ஒரு நாட்டின் புத்தாக்கத் திறனை எப்படி அளப்பது? பதிவான காப்புரிமைகள், வெளியான ஆய்வுக் கட்டுரைகள், ஆய்வுக்குச் செலவிடும் பணம் என்று பல கணக்குகள் உள்ளன. 2024ஆம் ஆண்டின் உலகப் புத்தாக்கக் குறியீட்டில் 133 பொருளாதாரங்களில் மலேசியாவுக்கு 33ஆவது இடம். ஆனால், வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து உழைப்பதால் ஒரு நாட்டுக்கு என்ன கிடைக்கும் என்பதை அறிய, தரவரிசையைவிட ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்கள் தெளிவான பதிலைத் தருகின்றன.

செம்பனை நம் மண்ணின் மரம் அல்ல. அதன் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1848இல் இந்தோனேசியாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்ட நான்கு கன்றுகளின் வழித்தோன்றல்களே இந்த வட்டாரத்தின் தொடக்ககாலத் தோட்டங்களுக்கு மூலம். மரம் வந்தது. ஆனால், ஆப்பிரிக்காவில் அதன் பூக்களை நாடி வந்த பூச்சிகள் உடன் வரவில்லை.

இதை நெடுங்காலம் யாரும் குறையாக நினைக்கவில்லை. செம்பனையில் மகரந்தத்தைக் காற்றே கொண்டு செல்கிறது என்பதுதான் அன்றைய பாடம். ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் வெவ்வேறு காலங்களில் மலர்வதால், காய்ப்பிடிப்பு போதாமல் போனது. அதை ஈடுகட்டத் தொழிலாளர்களே மகரந்தத்தைச் சேகரித்து, முகப்பவுடர் போன்ற டால்க் தூளோடு கலந்து, மரம் மரமாகப் பெண் பூக்களின் மேல் ஊதினார்கள். பூ ஒரே நாளில் மலர்ந்து முடிவதில்லை என்பதால், விட்ட இடத்துக்கே திரும்பத் திரும்பப் போக வேண்டிய வேலை அது.

யூனிலீவர் நிறுவனத்தின் தோட்ட அதிகாரி லெஸ்லி டேவிட்சன் கேமரூனில் வேலை செய்தவர். அங்கே யாரும் மகரந்தம் ஊதாமலே குலைகள் நிறையக் காய்த்ததையும், ஆண் பூக்களில் சிறு பூச்சிகள் மொய்த்ததையும் அவர் கவனித்திருந்தார். அதை ஆராயும் பொறுப்பு காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டுக் கழகத்தைச் சேர்ந்த பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சைட்டிடம் வந்தது. கேமரூன் காடுகளில் அவர் நடத்திய ஆய்வு, காற்றைப் பற்றிய பழைய பாடத்தைத் திருத்தியது. வேலையைச் செய்வது ‘எலெய்டோபியஸ் கமெருனிகஸ்’ என்னும் வண்டு.

தமிழில் வண்டு என்றால் தேனீயும் தும்பியும் சேர்ந்தே நினைவுக்கு வரும். இது அந்த இனம் அல்ல. சில மில்லிமீட்டர் நீளமும் நீண்ட மூக்கும் உடைய கூன்வண்டு. ஆண் பூவின் சோம்பு மணத்தால் ஈர்க்கப்பட்டு அங்கேயே உண்டு, முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண் பூவும் அதே மணத்தைச் சற்று மெலிதாக வீசுகிறது. ஏமாந்து வரும் வண்டுக்கு அங்கே இரை இல்லை. ஆனால், உடலில் ஒட்டிய மகரந்தத்தை விட்டுவிட்டுப் போகிறது.

வேற்று நாட்டுப் பூச்சியை அப்படியே திறந்துவிட முடியாது. அது மற்றப் பயிர்களைத் தாக்குமா, நோய் கொண்டுவருமா என்று சோதித்து, தனிமைப்படுத்தி வைத்த பிறகே, 1981 பிப்ரவரியில் குளுவாங் பமோல் தோட்டத்தில் பறக்கவிட்டார்கள். ஓராண்டுக்குள் தீபகற்பம் முழுவதும் அது பரவிவிட்டது. குலைகளின் எடை கூடியது, பருப்பு அதிகமானது, மகரந்தம் ஊதும் வேலை தேவையற்றதாயிற்று. நிறுவனக் கணக்கில் அது மிச்சம். ஆனால் மிச்சமான அந்தத் தொகை, பெரட்டுக்கு வந்து நின்ற யாரோ ஒருவரின் கூலி என்பதையும் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவில் பெற்ற அறிவு தானாக இங்கே பயன் தரவில்லை. வண்டை வளர்க்கவும், பரவலை அளக்கவும், விளைச்சலைக் கணக்கிடவும் குளுவாங்கிலேயே ஆய்வுக் குழு இருந்தது. சைட், லா, கோர்லி மூவரும் எழுதிய முடிவுகள் 1982இல் ‘தி பிளாண்டர்’ இதழில் வெளியாயின. மெல்லிய ஓடுள்ள தெனெரா ரகத்தின் மரபியல் 1941இல் பெல்ஜியக் காங்கோவில் விளக்கப்பட்டது. அதையும் பெருமளவில் நட்டுப் பயன்பெற்றது மலேசியா. வெளியே பிறக்கும் அறிவை வாங்கிக்கொள்ள உள்ளூரில் ஆள் வேண்டும். அந்த ஆள்பலம் இல்லையென்றால் ஒப்பந்தம் காகிதத்தோடு நின்றுவிடும்.

இன்று ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், இஸ்கண்டார் புத்ரியில் நியூகாசல், சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகங்களின் கிளைகளும் இயங்குகின்றன. ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கைமாறியது. இவற்றால் எத்தனை கட்டடங்கள் எழுந்தன என்பதைவிட, இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் ஆய்வுக்கூடத்துக்குள் போகிறார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

வண்டின் கதையும் முடிந்துவிடவில்லை. சில பகுதிகளில் காய்ப்பிடிப்பு குறைவதாகப் பின்னாளில் புகார்கள் எழுந்தன. இங்குள்ள வண்டுகள் அனைத்தும் அன்று வந்த சிறு கூட்டத்தின் வாரிசுகள் என்பதால் அவற்றின் மரபு வளம் குறுகியது. புதிய கூட்டத்துக்கு மீண்டும் ஆப்பிரிக்காவைத்தான் நாட வேண்டும். ஆனால் 1981 போல் அல்ல. உயிர்வளம் தரும் நாட்டுக்கும் பலனில் பங்கு உண்டு என்று 2010ஆம் ஆண்டின் நகோயா உடன்படிக்கை சொல்கிறது.