ஆற்றுக்கு இடம் விட்ட ஊர்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், வட கடலோரத்தில் இருக்கும் சிற்றூர் லின்மவுத். எக்ஸ்மூர் மேட்டுநிலத்திலிருந்து இறங்கிவரும் கிழக்கு லின், மேற்கு லின் என்ற இரண்டு ஆறுகள் இங்கே கூடிக் கடலில் சேர்கின்றன. செங்குத்தான மலைகளுக்கு நடுவே உள்ளங்கையளவு சமநிலம்தான் மொத்த ஊரும்.

அன்று

நெப்போலியன் போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குப் போக முடியாத ஆங்கிலேயர்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கினார்கள். 1812இல் கவிஞர் ஷெல்லி தன் இளம் மனைவியோடு வந்து தங்கினார். 1890இல், மலைமேல் இருக்கும் லின்டனுக்கு ஏறிப்போக, தண்ணீரின் எடையால் இயங்கும் ரயில் வந்தது. 'குட்டி சுவிட்சர்லாந்து' என்று பெயர் பரவியது.

வருகிறவர்கள் பெருகப் பெருக, கடைக்கும் விடுதிக்கும் நிலம் போதவில்லை. ஆற்றிடமிருந்தே அதை எடுத்துக்கொண்டார்கள். மேற்கு லின்னைத் திருப்பி, ஒடுக்கி, மூடிய கால்வாய்க்குள் விட்டார்கள். கிடைத்த இடத்தில் கட்டடங்கள் எழுந்தன. 1607இலும் 1796இலும் இங்கே பெருவெள்ளம் வந்ததற்குப் பதிவுகள் உண்டு. ஆனால் கோடையில் கற்களுக்கிடையே சலசலத்து ஓடும் ஆற்றைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்?

1952 ஆகஸ்ட் 15, விடுமுறைக் காலத்தின் நடுப்பகுதி. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த எக்ஸ்மூரில் 24 மணி நேரத்தில் சுமார் 229 மி.மீ. மழை கொட்டியது. வேரோடு பெயர்ந்த மரங்கள் மேலேயுள்ள பாலங்களில் சிக்கி அணைபோல் நீரைத் தடுத்தன. அந்தத் தடுப்புகள் உடைந்தபோது தண்ணீரும் மரமும் பாறையுமாக இருட்டில் ஊருக்குள் பாய்ந்தன. கால்வாய் அடைத்துக்கொண்டது, மேற்கு லின் கட்டடங்களைப் பிளந்துகொண்டு ஊர் நடுவே ஓடியது. 34 பேர் இறந்தார்கள். 420 பேருக்கு வீடில்லாமல் போனது. நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களும், 31 பாலங்களில் 28ம் அழிந்தன அல்லது பலத்த சேதமடைந்தன. 38 கார்களைக் கடல் கொண்டுபோனது.

இன்று

இன்று லின்மவுத்துக்குப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது, ஊரின் அளவுக்குப் பொருந்தாததுபோல் அகன்று கிடக்கும் ஆற்றுப்படுகை. வறண்ட மாதங்களில் அதன் பெரும்பகுதி வெறும் பாறையும் கூழாங்கல்லும்தான். அந்த வெற்றிடம்தான் இந்த ஊரின் காவல். மீண்டும் கட்டும்போது ஆற்றை அகலப்படுத்தினார்கள், வளைவுகளை நேராக்கினார்கள், கரையை உயர்த்தினார்கள். மரங்கள் சிக்கிக்கொள்ளாதபடி பாலங்களுக்கு அகன்ற திறப்பு வைத்தார்கள்.

பழையபடியே திரும்பி வந்தவையும் உண்டு. வெள்ளத்தில் போன துறைமுகத்து ரைனிஷ் கோபுரம் 1954இல் அதே தோற்றத்தில் எழுந்தது. ஆனால் கிழக்கு லின் கரையில் மிடில்ஹாம் என்றிருந்த வீட்டு வரிசையைத் திரும்பக் கட்டவேயில்லை. அந்த இடத்தில் இப்போது நினைவுத் தோட்டம். துறைமுகத்தருகே உள்ள நினைவு மண்டபத்தில், வெள்ளத்துக்கு முந்தைய ஊரின் மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஊரைப் பார்த்தால் போதும், எங்கே வீடு இருந்தது, எங்கே இப்போது ஆறு இருக்கிறது என்பது புரிந்துவிடும். மலை ரயிலும் ஓடுகிறது, அதே மேற்கு லின் தண்ணீரில்: மேல்பெட்டியின் தொட்டி நிரம்பும், கீழ்ப்பெட்டி தண்ணீரைக் கொட்டும், கனத்தது இறங்க மற்றது ஏறும்.

சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இந்த விட்டுக்கொடுத்தல் எளிதல்ல. ஒரு கோடை தவறினால் ஒரு வருட வருமானம் போய்விடும். சீக்கிரம் கடை திறக்க வேண்டும், அறைகள் நிறைய வேண்டும். ஆற்றங்கரை மனைக்குத்தான் விலையும் அதிகம், வெள்ளத்தின் முதல் அடியும் அதற்குத்தான். அந்த மனையை ஆற்றுக்கு விடுவது கணக்கில் நஷ்டம்போலத் தெரியும். அப்படி விட்டதால்தான் இன்றும் பயணிகள் நம்பி வருகிறார்கள். அவர்கள் வருவதே அந்த ஆறுகளைப் பார்க்கத்தான்.

லின்மவுத் வெள்ளத்துக்கு 52 ஆண்டுகள் கழித்து, 2004 ஆகஸ்ட் 16 அன்று, பக்கத்துக் கார்ன்வாலில் பாஸ்காசில் என்ற சுற்றுலா கிராமத்தில் இதேபோன்ற வெள்ளம். பகல் வெளிச்சமும் ஹெலிகாப்டர்களும் கைகொடுத்ததால் ஒருவரும் சாகவில்லை. அங்கும் மறுசீரமைப்பில் வாலன்சி ஆற்றை அகலப்படுத்தி ஆழப்படுத்தினார்கள்.

வெள்ளத்துக்குப் பின் ஓர் ஊர் எழுந்து நிற்பதைப் பார்த்தால் மனம் நிறைகிறது. அந்த நிறைவோடு நின்றுவிடக் கூடாது. பழையபடியே கட்டி முடித்தோம் என்று பெருமைப்படும் ஊர், பழைய ஆபத்தையும் சேர்த்தே கட்டியிருக்கலாம். திறப்பு விழா நடக்கும் முன் ஊரார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த முறை ஆற்றுக்கு எத்தனை அடி விட்டிருக்கிறோம்?